டம் என்ற சொல்லும் என் ஓரகத்தியும்

"டம்" என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது பெரட்டுக் களத்தில். மலாயாவில் ரெம்பியா என்ற ஊரிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. விடியுமுன்பே ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடத்தைத்தான் பெரட்டுக் களம் என்போம். அன்று நான் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துச் சீவி, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றிருந்தேன். ஆயா வேலை எனக்குத்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்திருந்தேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு கொட்டகை இருந்தது. அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஆயா என்று பெயர். அந்த வேலையில் மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி வாங்க வேண்டாம், உளியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்க்க வேண்டாம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ஆயாவும் அப்படித்தான் போய்விட்டாள். கொட்டகைக்குள் ஒரு வேலை கிடைத்தால் நம்மை அவ்வளவு சீக்கிரம் அனுப்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதைவிட முக்கியமாக, என் மகன் அப்போது மூன்று மாதக் குழந்தை. நாள் முழுக்க அவன் பக்கத்திலேயே இருக்கலாம்.

துரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். நான் சிரித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், கையில் இருந்த பிரம்பை என் ஓரகத்தியை நோக்கி நீட்டினார். பக்கத்தில் இருந்த கிராணி ஐயா, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை, ஏதோ சொன்னார். துரை "டம்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எங்களைப் பார்த்துத் திரும்பி, "ஊமை எண்டால் நல்லதுதானாம். முந்தின ஆயா மாதிரி தாய்மாரோடை சண்டை பிடிச்சுக்கொண்டு ஆபீசுக்கு வர மாட்டாளாம்" என்றார்.

கூட்டமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஒரு வேலைக்கு வாய் இருப்பதே குறையாகப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. அந்த அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. நான் கல்யாணமாகி வந்தபோதே அவள் எங்கள் லயத்து வீட்டில், அடுப்படியை ஒட்டிய பாதி அறையில் இருந்தாள். இதே தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் காதைக் கொண்டுபோயிற்று, பிறகு இருந்த நாலு வார்த்தையும் போய்விட்டன. தோட்டத்தில் அவளை ஊமைச்சி என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன், நான் வந்த முதல் நாளே அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். அவள் காதில் விழாத பெயருக்கு எதற்கு அத்தனை மரியாதை என்று அப்போதே எனக்கு ஒரு கடுப்பு.

கடுப்புக்குக் காரணம் இருந்தது. என் கணவர் என்னிடம் "ம்", "சரி", "போ" என்ற மூன்று சொல்லோடு காலம் தள்ளுகிற மனிதர். அவளிடம் மட்டும் இரண்டு கையாலும் பேசுவார். அண்ணன் உயிரோடு இருந்தபோதே மூன்று பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். சாயங்காலம் கால் கழுவி உட்கார்ந்ததும் அவள் கையை அசைப்பாள், இவர் கையை அசைப்பார், இருவரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நான் அடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பேன்.

"என்னா சிரிப்பு? சொன்னா நானும் சிரிப்பேன்ல?"

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா."

சும்மாவுக்கு ஒருவர் அப்படிச் சிரிக்க மாட்டார். தீபாவளிக்கு இரண்டு சேலை எடுத்து வருவார். இரண்டும் ஒரே விலை, ஒரே தரம், நிறம் மட்டும் வேறு. ஊரில் எல்லோரும் அவருடைய நல்ல மனதைப் புகழ்வார்கள். எனக்கு ஒரு நூல் அளவாவது கூட இருக்கக்கூடாதா என்று நான் அந்தச் சேலையைத் தடவித் தடவிப் பார்ப்பேன்.

கையால் பேசும்போது அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். துரைக்குத் தொப்பி. தண்டலுக்கு, அதாவது எங்களை வேலை வாங்குகிறவருக்கு, தொப்பை. என் கணவருக்கு மீசை. எனக்கு என்ன தெரியுமா? நாலு விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துக் குவித்து, படபடவென்று திறந்து மூடுவாள். வாத்து வாய். நான்தான் அது என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல நாள் ஆயிற்று. தெரிந்த அன்று அவளுக்குச் சோறு போடாமல் இருந்திருப்பேன், சமைத்ததே அவள் என்பதால் முடியவில்லை.

ஆயா வேலையை அவள் எப்படிச் செய்கிறாள் என்று பார்க்கவேண்டும் என்றே, குறை கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு, முதல் வாரமே வேலை முடிந்த கையோடு கொட்டகைக்கு ஓடினேன். காது கேட்காதவள், பிள்ளை அழுதால் என்ன செய்வாள்?

கொட்டகையின் விட்டத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கின. ஒவ்வொரு தூளியிலிருந்தும் ஒரு கயிறு. எல்லாக் கயிறுகளும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளின் கால் விரல்களிலும் மணிக்கட்டிலும் வந்து முடிந்தன. எந்தப் பிள்ளை உதைத்தாலும் அந்தக் கயிறு அவளை இழுக்கும். சரியாக அந்தத் தூளிக்கே எழுந்து போவாள். போய்ப் பிள்ளையின் தொண்டையில் உள்ளங்கையை வைப்பாள். பசி அழுகையா, வலி அழுகையா, சும்மா சிணுங்கலா என்று கையாலேயே தெரிந்துகொள்வாள். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளைகூட நீண்ட நேரம் அழவில்லை. குறை ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்கு வந்தேன். அன்று முழுக்க ஒன்றும் பிடிக்கவில்லை.

என் மகன் அவளிடமே வளர்ந்தான். தவழ்ந்தான், நடந்தான், ஓடினான். மற்ற பிள்ளைகளைப் போலவே கையாலும் பேசக் கற்றுக்கொண்டான். அந்தக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்குமே கைப்பேச்சு வரும். ஆனால் மற்றப் பிள்ளைகள் வாயாலும் பேசினார்கள். இவன் பேசவில்லை. ஒரு வயது போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் முடிந்தது. காது நன்றாகக் கேட்டது. மாட்டு மணி கேட்டால் திரும்புவான், தப்படித்தால் ஆடுவான். சிரிப்பான், அழுவான், கத்துவான். ஒரு சொல் மட்டும் வராது. எது வேண்டுமென்றாலும் அவளிடம் போய்க் கையை அசைப்பான், அது உடனே கிடைத்துவிடும்.

நான் பால் வாடையோடு வேலை முடிந்து வந்து கையை நீட்டினால், அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அங்கிருந்து தலையை நீட்டி, வாத்து வாயைக் காட்டுவான். என் வயிற்றில் பிறந்தவன் எனக்கு வைத்த பெயரும் அதுதான்.

"பெரிம்மாகிட்டப் போவாதடா. பெரிம்மா என்னா உனக்குப் பெத்த தாயா? எப்பப் பாத்தாலும் பெரிம்மா, பெரிம்மா, பெரிம்மா!"

காலையிலிருந்து படுக்கப் போகும்வரை என் வாயில் இதுதான். என் கணவர் ஒருநாள் சொன்னார், "ஏ புள்ள, நீ ஒரு எடைவெளி விட்டாத்தானே அவன் பேசுவான்?" அன்று அவருக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஊமையோடு இருந்தால் பிள்ளையும் ஊமையாகிவிடும் என்று லயத்துப் பெண்கள் என் காதில் போட்டார்கள். அது எனக்குப் பிடித்த பேச்சாக இருந்ததால் உடனே நம்பினேன். மறுநாள் அவனைக் கொட்டகையில் விடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு நிரைக்கே போய்விட்டேன். நிரை என்றால் ஒருவர் வெட்டவேண்டிய மரங்களின் வரிசை. அவனை ஒரு மரத்தடியில் சாக்கு விரித்து உட்காரவைத்துவிட்டு வெட்டிக்கொண்டே போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஒரு கொடியைப் பிடுங்கி, ஒரு முனையை மரத்திலும் மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலிலும் சுற்றிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அது இழுக்கும், அவள் வருவாள் என்று காத்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொடியை அறுத்து எறிந்தேன். அவன் அழுத அழுகையில் தண்டல் ஓடிவந்து என்னைத் திட்டினார். மறுநாள் நானே அவனைக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டேன்.

அந்த வாரம்தான் டிரசர் வந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வருகிறவர். என் மகனின் வாயைத் திறந்து பார்த்தார், விரலைச் சொடுக்கிப் பார்த்தார், பிறகு கூட வந்த ஆளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பேச்சில் "டம்" என்ற சொல் இருந்தது. அதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

கிராணி ஐயா வீட்டுக்கு மாட்டுப் பால் ஊற்றுவது நான்தான். அவரிடம் தடித்த அகராதி ஒன்று உண்டு, யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம். பாலை ஊற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றேன்.

"ஐயா, டிரசரு எம் புள்ளயப் பாத்து டம்முன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கு ஊமைன்னுதானே அர்த்தம்?"

"ஊமை எண்டுதான் பிள்ளை அர்த்தம்" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா இப்ப இன்னொரு கருத்தும் வந்திட்டுது. மட்டி, மடையன் எண்டும் சொல்லுகினம்."

"ஒரே வார்த்தைக்கா?"

"ஓம். முந்தி அப்பிடி இல்லை. வெள்ளைக்காரன்ரை பழைய பாஷையிலை அது வாய் பேசாததுக்கு மட்டும்தான். ஆடு மாட்டையும் அப்பிடிச் சொல்லுவினம், நாங்கள் வாயில்லாச் சீவன் எண்டுறமே, அதுமாதிரி. ஜெர்மன்காரன்ரை பாஷையிலை அதே வேரிலை வந்த சொல் ஒண்டு இருக்கு. அங்கை அதுக்கு மடையன் எண்டு அர்த்தம். அந்தச் சனம் அமெரிக்காவிலை போய்க் குடியேறினது. அவையின்ரை கருத்து அங்கத்தை ஆங்கிலத்திலை ஒட்டிக்கொண்டுது எண்டு சொல்லுகினம். இப்ப பேசும் படம் வந்தாப் பிறகு எல்லா இடமும் அதுதான்."

அகராதியைப் புரட்டினார். எழுதும்போது அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து இருக்குமாம், அதை வாயால் சொல்லக்கூடாதாம். அதைக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆதியிலை புகை, இருட்டு எண்ட கருத்திலை இருந்து பிறந்திருக்கலாமாம். புலனைப் புகை மூடின மாதிரி. அது ஊகம்தான் பிள்ளை, ஆருக்கும் நிச்சயமாத் தெரியாது."

"அப்ப டிரசரு எந்த அர்த்தத்துல சொன்னாரு?"

அவர் அகராதியை மூடினார். "அதை அவரைத்தான் கேக்க வேணும்."

திரும்பி வரும்போது ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக் கொட்டகை வழியாகத்தான் வரவேண்டும். உள்ளே வரிசையாகத் தொங்குகிற ஷீட்டுகள் எதுவுமே புகையில் தெரியாது. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். நமக்கு ஊமை வேறு, மடையன் வேறு. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்களும் பேச்சு வராதவனைப் பீசு என்பார்கள், புத்தியில்லாதவனைப் போடோ என்பார்கள், இரண்டையும் குழப்ப மாட்டார்கள். இந்த வெள்ளைக்காரன் மட்டும் எதற்காக இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினான்? என் பிள்ளைக்கு வாயில் குறையா, தலையில் குறையா? அடுத்த முறை டிரசர் வந்தபோது கேட்கப் பயந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டேன்.

அப்போதுதான் ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா வர ஒரு மாதம் இருந்தது. வாய்க்கட்டு நேர்வது எங்களிடம் வழக்கம். பால்குடம் எடுக்கிற அன்று வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொள்வார்கள். நான் ஒரு படி மேலே போய், இன்றிலிருந்து திருவிழா வரை ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று நேர்ந்தேன். என்னிடம் இருந்த பேச்சு இரண்டு பேருக்குத் தாங்கும். அதை எடுத்துக்கொண்டு என் பிள்ளைக்குக் கொடு, அவன் முதல் வார்த்தையாக அம்மா என்று சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

பூசாரியிடமும் கணவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடினேன். என் கணவர் நம்பவில்லை. "ஒரு மாசமா? ஒன்னாலயா?" என்றார். பதில் சொல்ல முடியாதது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

முதல் சில நாள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒரு மாற்றம் வந்தது. தண்டல் என்னை மேட்டு நிரைக்கு மாற்றிவிட்டார். கிழட்டு மரங்கள், வழுக்கும் சரிவு, யாரும் போக விரும்பாத இடம். பேச முடிந்திருந்தால் பெரட்டுக் களத்தையே இரண்டாக்கியிருப்பேன். கையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கடைக்குப் போனால் கடைக்காரர் என்னிடம் நிறுத்தி நிறுத்தி, உரக்கப் பேசினார். "உ...ப்...பு வேணுமா? உப்பு?" எனக்குக் காது போகவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் பேசினார். பக்கத்து வீட்டுக்காரி என் முன்னாலேயே என் கணவரிடம், "சாப்புட்டுச்சா அது?" என்று கேட்டாள். அது! நேற்றுவரை என்னிடம் வாய் கொடுக்கப் பயந்தவள். கொஞ்ச நாளில் என்னைப் பற்றி என் எதிரிலேயே பேச ஆரம்பித்தார்கள். நான் எதையாவது சரியாகச் செய்தால், பரவாயில்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

அந்தச் சொல் வாயிலிருந்து தலைக்கு எப்படி ஏறியது என்று கண்டுபிடிக்க ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டியதில்லை. ரெம்பியாவில் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அக்கா இதற்குள்ளேயே முப்பது வருடமாக இருந்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. புரிந்ததால் அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒன்று மட்டும் நடந்தது. வேறு வழியில்லாமல் நான் அவளிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டேன். சோறு, தண்ணீர், மழை, மாடு, வலி, நாளைக்கு. அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் தப்பாகச் செய்தால் என் விரலைப் பிடித்து நேராக்குவாள்.

கற்றுக்கொண்டதும் முதல் வேலையாக, சாயங்காலம் அவளும் என் கணவரும் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தேன். கூரை ஒழுகுகிறது. மாடு பால் வற்றப் போகிறது. தண்டலின் தொப்பை படிக்கட்டில் இடித்தது. இவ்வளவுதான். இத்தனை வருடம் நான் ஒழுகுகிற கூரையைப் பார்த்தா வயிறெரிந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் எரிச்சல் குறைந்ததா என்றால் இல்லை. அதே கூரையைப் பற்றி நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையாவது அவர் சிரித்திருக்கிறாரா? அவள் சொட்டுச் சொட்டாக விரலை உதறி, அவர் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுவதைக் காட்டியபோது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

மகனும் என்னைக் கவனிக்க ஆரம்பித்தான். என் முன்னால் வந்து நின்று வாத்து வாயைக் காட்டுவான், பிறகு மற்றக் கையால் அந்த வாயை இறுக்கி மூடுவான். அம்மாவின் வாய் எங்கே போயிற்று என்று கேட்கிறான். நான் கையை விரித்துக் காட்டுவேன். ஒரு மத்தியானம் அவனாகவே வந்து என் மடியில் படுத்தான். வீடு அமைதியாக இருந்தது. அவன் என்னென்னவோ சத்தம் எழுப்பிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான். நான் கால் மரத்துப்போகும்வரை அசையவில்லை.

திருவிழா அன்று பூசாரி என் வாயில் மஞ்சள் துணியைக் கட்டினார். தலையில் பால்குடத்தோடு லயங்களைச் சுற்றிக் கோயில் வாசலுக்கு வந்தேன். உறுமியும் தப்பும் காதைப் பிளந்தன. பால்குடம் எடுத்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள். மகனைக் கோயில் படியில் உட்காரவைத்துவிட்டு, வாளியை நிரப்பக் கிணற்றுப் பக்கம் போயிருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நடுவில் கூட்டம்.

மகன் எழுந்து நின்று அவளைத் தேடினான். என்னைப் பார்த்தான். என் வாய்க்கட்டைப் பார்த்துப் பயந்துவிட்டானோ என்னவோ, முகம் கோணியது.

"பெரிம்மா!"

மேளம் நின்ற ஒரு நொடியில் அது விழுந்தது. தெளிவாக, ஓர் எழுத்துக் குறையாமல். பெண்கள் குலவையிட்டார்கள். "ஆத்தா வாயக் குடுத்துட்டாடி!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணீர் வந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள், பாதி அதுதான். மீதிப் பாதி வேறு. ஒரு மாதம் நான் வாயை மூடினேன், மேட்டு நிரை ஏறினேன், "அது" என்று பெயர் வாங்கினேன். வந்த வார்த்தை அவளுக்கா?

ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றியது. அவளுக்குக் கேட்காது. அவள் வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. அந்த வார்த்தை அவளுக்கானதுதான், ஆனால் கேட்டது என் காது. அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

அதற்குள் அவன் கூட்டத்தில் புகுந்து ஓடி அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் குனிந்தாள். அவன் அவளுடைய ஈரக் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும், மறுபடியும். எத்தனையோ பிள்ளைகளின் அழுகையைத் தொட்டுப் பார்த்த கை அது. இது அழுகை இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் மாறியது. சுற்றி எல்லோருடைய வாயும் அசைவதைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் கடைசியில் என்னைப் பார்த்தாள். கையால் கேட்டாள்: யாரைக் கூப்பிடுகிறான்?

குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கை சும்மா இருந்தது. விரல்கள் குவிந்தன. வாத்து வாய் முக்கால்வாசி வந்துவிட்டது. அவளுக்குக் கேட்கப் போவதில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டால் அதுதான் அவளுக்கு உண்மை. குவிந்த விரலைப் பிரிப்பதற்கு, மேட்டு நிரை ஏறினதைவிட அதிகமாக எனக்கு மூச்சு வாங்கியது. பிரித்தேன். அவளை நோக்கி நீட்டினேன்.

அவள் நம்பவில்லை. வாத்து வாயைக் காட்டி, நீயா என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையை ஆட்டி மறுபடியும் அவளையே காட்டினேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அபிஷேகம் முடிந்து பூசாரி என் வாய்க்கட்டை அவிழ்த்தார். "பேசும்மா. ஆத்தா பேரச் சொல்லிப் பேசு" என்றார். கூட்டம் சுற்றி நின்றது. அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் உள்ளங்கையை எடுத்து என் தொண்டையில் வைத்து அழுத்தினாள். அவன் கண்ணை விரித்துக் காத்திருந்தான்.

ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சமா? தண்டலுக்கு, கடைக்காரருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்திருந்தேன். ஆத்தாளுக்குச் சொல்ல வேண்டியதும் இருந்தது. ஒன்றும் வரவில்லை. தொண்டையில் அந்தச் சின்னக் கை மட்டும் சூடாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பெரிம்மா என்ற சொல்லை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் சொல்லியிருக்க முடியாது. காலையிலிருந்து படுக்கும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அவன் காதை நிறைத்தவள் நான்தான்.

"பெரிம்மா" என்றேன்.

என் தொண்டை அதிர்ந்ததைக் கையாலேயே கேட்டவன்போல் அவன் சிரித்தான். ஒரு கை என் தொண்டையிலும் ஒரு கை தன் தொண்டையிலுமாக வைத்துக்கொண்டு, நான் சொன்னதையே திருப்பிச் சொன்னான். ஓரகத்தியை அப்படி மதித்தவள் உண்டா என்று தோட்டத்தில் பல வருடம் என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த வார்த்தையை நான் வயிறெரிந்துகொண்டேதான் சொன்னேன்.